புதிய கழுதைக்கு ஒரு வேலி: பரதராமி எல்லையில் பார்த்த வேலிப் பணி

குடியாத்தத்திலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், பரதராமியைச் சுற்றியுள்ள தமிழ்நாடு–ஆந்திர எல்லையோர ஊர்களில், நிலத்துக்கு வேலி போட்டுத் தரும் குழுக்கள் பல இயங்குகின்றன. மாந்தோப்புகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் வேலை செய்து பழகிய இவர்கள், கல்கால் (வேலிக்கு ஊன்றும் கல்தூண்) இறக்குவது முதல் கேட் மாட்டுவது வரை எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் முடித்துத் தருகிறார்கள். எங்கள் குடும்பத்தின் கழுதைகளுக்காக ஒதுக்கிய ஒரு ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வேலி போடும் பணியை அவற்றில் ஒரு குழுவிடம் கொடுத்தோம். குழுவின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். அவர்களிடம் கண்ட நிறைகளும் குறைகளும் இந்தப் பகுதியில் இதே தொழில் செய்யும் பிறருக்கும் ஏறக்குறையப் பொருந்தக்கூடியவை. கம்பியின் கேஜையும் (தடிமன் அளவு) கல்காலின் பருமனையும் வைத்து வேலியை அளப்பதுதான் ஊர் வழக்கம். ஆனால் கழுதை வளர்ப்பவருக்கு அந்த அளவு போதாது. முன்பின் அறியாத இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கழுதை, முதல் சில நாட்களில் அந்த வேலியைக் கண்டுகொள்கிறதா, காயமின்றி அதனோடு பழகுகிறதா என்பதே எங்களுக்கு முக்கியமாக இருந்தது. இந்த மதிப்பீடும் அதை வைத்தே எழுதப்படுகிறது.

இந்தப் பக்கத்தில் கழுதைக்கு வேலி கேட்டு யாரும் வருவதில்லை என்று குழுவின் மேஸ்திரி முதல் நாளே சொன்னார். அதில் வியப்பில்லை. சலவைத் தொழிலாளர் வீடுகளிலும் செங்கல் சூளைகளிலும் இருந்த கழுதைகளை, முன்னங்கால்களைச் சேர்த்துத் தளை போட்டு, ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் மேய விடுவதுதான் இங்கே காலங்காலமாக உள்ள பழக்கம். தளை போட்ட கழுதை தொலைவு போகாது என்பது உண்மைதான். ஆனால் கயிறு உராய்ந்து கணுக்காலில் விழும் புண் ஆறுவதே இல்லை, நாய் துரத்தினால் அந்தக் கழுதையால் ஓடித் தப்பவும் முடியாது. கழுதைகளின் எண்ணிக்கையும் வேகமாகக் குறைந்துவிட்டது. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 3.2 லட்சம் இருந்த கழுதைகள், 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 1.2 லட்சமாகக் குறைந்திருந்தன. ஏழே ஆண்டுகளில் இது 61 விழுக்காட்டுச் சரிவு. ஆகவே கழுதையின் இயல்பை அறிந்த வேலிக்காரரைத் தேடுவதைவிட, சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்கிறவரைத் தேடுவதே நடைமுறைக்கு ஒத்தது. அந்த வகையில் இந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தது வீண்போகவில்லை.

அளவெடுக்க வந்தவர் தம் வேலையை அறிந்தவர். கழுதை ஒன்றுக்கு அரை ஏக்கராவது மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பது, 1969இல் பிரிட்டனில் தொடங்கப்பட்டு இந்தியாவிலும் பணிபுரியும் டாங்கி சாங்சுவரி அமைப்பு சொல்லும் கணக்கு. அதன்படி இரண்டு கழுதைகளுக்கு ஒரு ஏக்கர் என்று நாங்கள் வைத்திருந்தோம். மாந்தோப்பின் ஓரமாக நீளவாக்கில் ஒரு பட்டையாக அடைக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் எண்ணம். அவரோ, அதே ஒரு ஏக்கரைச் சதுரமாக அடைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 835 அடியில் முடிந்துவிடும் என்றும், அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள பட்டையாக அடைத்தால் 964 அடி வரும் என்றும், பத்தடிக்கு ஒரு கல்கால் என்று வைத்தாலே பதின்மூன்று கால்கள் கூடுதலாகும் என்றும் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். அவர் பார்த்தது செலவை மட்டுமே. கழுதை வளர்ப்பவருக்கு அந்த யோசனையில் இன்னொரு நன்மையும் உண்டு: புதிதாக வரும் விலங்கைப் பழைய விலங்கு முதல் நாட்களில் விரட்டும்போது, ஒடுங்கிய பட்டையின் மூலையில் அது மாட்டிக்கொள்ளும், அகன்ற நிலத்திலோ சுற்றிக்கொண்டு விலகிப் போய்விடும். கூர்மையாக முடிந்த வடகிழக்கு மூலையை மட்டும் வெட்டி மழுக்கச் சொன்னோம். ஒரு கால் கூடுதலாகச் செலவானாலும் அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

கம்பியைப் பற்றித்தான் நீண்ட பேச்சு நடந்தது. தோப்புகளுக்கு வழக்கமாகப் போடுவதைப் போல, கல்காலில் ஆறு வரிசை முள்கம்பி என்று அவர்கள் கொடுத்த மதிப்பீடு எல்லாவற்றிலும் மலிவாக இருந்தது. கழுதை இருக்கும் இடத்தில் முள்கம்பி கூடவே கூடாது. கழுதை வேலியில் உடம்பைத் தேய்க்கும், வரிசைகளுக்கு நடுவே தலையை நுழைத்து அந்தப் பக்கத்துப் புல்லை எட்டிப் பார்க்கும், நாயைக் கண்டு மிரண்டால் பின்னங்காலால் உதைக்கும். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் முள்கம்பி தோலைக் கிழிக்கும். கழுதை வலியை எளிதில் வெளிக்காட்டாத விலங்கு என்பதால், காயம் சீழ்பிடித்த பிறகே கண்ணில் படும். கம்பிகளைக் கண்ணி கண்ணியாகப் பின்னிய செயின்லிங்க் வலையையே போடுவது என்று முடிவான பின், மேற்கொண்டு இரண்டு செய்திகளை வலியுறுத்த வேண்டியிருந்தது. முதலாவது கண்ணியின் அளவு. நம் நாட்டுக் கழுதையின் குளம்பு குதிரையினுடையதைவிடக் குறுகலானது. அகன்ற கண்ணியில் அது உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், குட்டி ஈனும் திட்டம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே இரண்டு அங்குலக் கண்ணிதான் வேண்டும் என்று கேட்டோம். எளிதில் கிடைப்பது மூன்று அங்குலம்தான் என்றாலும், சித்தூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, வலையின் ஓர முனை. செயின்லிங்க் வலையின் விளிம்பில் கம்பி முனைகள் உள்நோக்கி மடக்கப்பட்டிருக்கும், அல்லது இரண்டிரண்டாக முறுக்கிக் கூராக விடப்பட்டிருக்கும். வீட்டுமனைக்குத் திருடன் ஏறாமலிருக்கக் கூர்முனை நல்லது. வேலிக்கு மேலே கழுத்தை நீட்டும் கழுதைக்கோ அது முள்கம்பிக்குச் சற்றும் குறைந்ததன்று. மடக்கிய முனைதான் வேண்டும் என்று ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்தும் இறங்கிய சுருள்களில் ஒரு பங்கு கூர்முனையாகவே வந்திருந்தது. “கீழ்ப்பக்கம் திருப்பிப் போட்டால் தெரியாது சார்” என்று ஆட்கள் சமாதானம் சொன்னார்கள். கீழே போட்டால் மேய்கிற மூக்கிலும் கணுக்காலிலும் படும் என்று விளக்கிய பிறகு, மேஸ்திரியே குறடை எடுத்து உட்கார்ந்து முனைகளை ஒவ்வொன்றாக மடக்க வைத்தார். வேலை அரை நாள் நின்றது. அதற்குத் தனிக் கூலி கேட்காதது அவர்களுடைய நேர்மை. ஆனால் எழுதிக் கொடுத்ததைக் கடைக்காரரிடம் சரிபார்க்காமல் வண்டியில் ஏற்றியது அவர்களுடைய அலட்சியம்.

கல்கால்களைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. குப்பம் பக்கத்துக் கிரானைட்டில் உடைத்த ஏழடிக் கால்கள்; இரண்டடி மண்ணுக்குள் போக, வெளியே ஐந்தடி நிற்கிறது. நம் நாட்டுக் கழுதை ஒரு மீட்டரைச் சுற்றிய உயரம் உடையது என்பதால் நான்கடி வேலியே போதும். ஐந்தடி வைத்தது தெருநாய்களை எண்ணித்தான். செம்மண் நிலத்தில் கரையான் அரிக்காத, துருப்பிடிக்காத காலுக்குக் கல்லைவிட நல்லது இல்லை. மூலைக்கால்களுக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்துக் கான்கிரீட் இட்டார்கள். உடைத்த கல்லின் விளிம்பு கூராக இருக்கும் இடங்களை உளியால் தட்டி மழுக்கித் தரச் சொன்னபோது, எந்த வேலிக்காரரும் செய்யாத வேலை என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்கள். இப்போது எங்கள் பழைய கழுதை நாள்தோறும் முதுகைத் தேய்ப்பதற்குத் தெற்குப் பக்கத்துக் காலைத்தான் நாடுகிறது.

மேலே ஒரு வரிசை சோலார் மின்கம்பி ஓட்டிவிடலாம் என்று அவர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கவுண்டின்யா சரணாலயத்து யானைகள் எல்லைக்கு இருபுறமும் நடமாடும் பகுதி இது என்பதால், அந்தப் பேச்சுக்கு இங்கே எப்போதும் சந்தை உண்டு. மின்வேலிக்கு மின்சாரம் செலுத்தும் கருவியான முறையான எனர்ஜைசர், ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற அளவில் மிகக் குறுகிய நேரமே மின்சாரத்தை விடுவதால், தொட்ட விலங்கு விலகிக்கொள்ள இடைவெளி கிடைக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைக்கும் கொலைபாதகத்தையும் இதையும் ஒன்றாகப் பேசக்கூடாது. ஆயினும் நாங்கள் வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் இருந்தன. கழுதை எதையும் மூக்கையும் உதட்டையும் வைத்தே ஆராயும். முன்பு மின்கம்பியைக் கண்டிராத விலங்குக்கு முதல் அதிர்ச்சி மூக்கில்தான் விழும், மிரண்டு முன்னோக்கிப் பாய்ந்தால் வலையோடு மோதும். கோடையில் மண் காய்ந்து போகும்போது எர்த்திங் சரியாக அமையாமல் அடி வலுவிழந்துவிடும், மழைக்காலத்தில் கொடி ஏறி மின்சாரம் கசியும். தமிழ்நாட்டில் 2023இல் வந்த மின்வேலி விதிகளின்படி, காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலிக்குப் பதிவும் அனுமதியும் தேவை. இதைக் குழுவினர் தாமாகச் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட பிறகே “அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்” என்றார்கள். விற்கிற பொருளோடு சட்டத்தையும் சொல்லித் தருவது சேவையின் பகுதி என்பது என் கருத்து.

இந்தக் குழுவின் பணியில் மிகச் சிறந்தது எதுவென்று கேட்டால், கேட்டை ஒட்டி அவர்கள் அமைத்த சிறு பட்டியைச் சொல்வேன். முப்பதடிக்கு இருபதடி இடத்தை அதே வலையால் தனியே அடைத்து, வெளியிலிருந்து ஒரு கேட்டும், மேய்ச்சல் நிலத்துக்குள் ஒரு கேட்டும் வைத்துக் கொடுத்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும் விலங்கு நேரே ஒரு ஏக்கர் வெட்டவெளிக்குள் போய்விடாமல், கண்ணுக்கு எட்டிய நான்கு எல்லைகளுக்குள் நின்று நிதானம் அடைய இது உதவுகிறது. ஆனால் கேட்டின் தாழ்ப்பாள் சரியில்லை. சாதாரண இழுவைத் தாழ்ப்பாளைப் போட்டிருந்தார்கள். எங்கள் பழைய பெட்டைக் கழுதை ஒரு வாரத்துக்குள்ளாகவே அதை உதட்டால் தள்ளித் திறக்கக் கற்றுக்கொண்டது. சங்கிலியும் கொக்கியும் மாட்டித் தரும்படி சொன்னதற்கு, அது ஒப்பந்தத்தில் இல்லை என்று கூடுதல் பணம் கேட்டார்கள்.

இனி, புதிய கழுதை வந்த கதை. ஆந்திரப் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்று மூடப்பட்டபோது விலைக்கு வந்த பெட்டை அது. கழுதைகளுக்கும் குதிரைகளுக்கும் வரும் கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது, கழுதையிடம் அது கடுமையாகவே வெளிப்படும். இந்த நோய்க்கான உறுதிப் பரிசோதனையை ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் செய்கிறது என்பதால், கால்நடை மருத்துவர் மூலம் இரத்த மாதிரியை அனுப்பி, முடிவு வரும்வரை வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் வைத்திருந்தோம். இரணஜன்னி ஊசியும் குடற்புழு மருந்தும் அந்த இடைவெளியிலேயே முடிந்தன. அதன் பிறகே பட்டிக்குக் கொண்டு வந்தோம். இரண்டு கழுதைகளும் வலையின் இருபுறமும் நின்று மூக்கோடு மூக்கு மோந்து பார்ப்பதற்கு, இரண்டு அங்குலக் கண்ணி எந்த இடையூறும் செய்யவில்லை. பழையது காதுகளைப் பின்னுக்கு மடக்கிக் குளம்பால் வலையை உதைத்தபோதும் கால் சிக்கவில்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வலைக்கு அந்த ஒரு காட்சியே போதுமான நியாயம்.

மேய்ச்சல் நிலத்துக்குள் விடும் முன், தலைக்கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலியை ஒட்டி முழுச் சுற்றும் நடத்திக் காட்டினோம். காலை வெயிலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையுமாகச் சில நாட்கள் இப்படி நடத்துவது நல்லது. ஏனென்றால் துத்தநாகம் பூசிய புதிய ஜிஐ கம்பி உச்சி வெயிலில் பளபளத்து, பின்னாலுள்ள வெளியோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. கழுதையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னே உள்ள சிறிது இடத்தை அதனால் பார்க்க முடியாது. ஓடி வரும் வேகத்தில் மெல்லிய வலையைக் கடைசி நொடியில்தான் உணரும். வலையில் துணி கட்டித் தரும்படி கேட்டபோது ஆட்கள் சிவப்பு ரிப்பனைக் கொண்டு வந்தார்கள். குதிரை இனத்தின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகவே தெரியும், மஞ்சளும் நீலமும்தான் நன்றாகப் புலப்படும் என்று சொன்னதும், மேஸ்திரி மறுநாள் மஞ்சள் நிற உரச் சாக்குகளைக் கீறிப் பட்டைகளாக்கி, காலுக்கு ஒன்றும் இடையில் ஒன்றுமாகக் கட்டிக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் இல்லாத, பணம் கேட்காத வேலை. புதிய கழுதை முதன்முதலாக அவிழ்த்து விடப்பட்டபோது, வேலியை நோக்கி நேராக ஓடி, மஞ்சள் பட்டைகளுக்குப் பத்தடி முன்னே நின்று, காதுகளை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. காற்றில் ஆடி ஓசை எழுப்பும் அந்தப் பட்டைகளைச் சில வாரங்களுக்குப் பின் அவிழ்த்துவிட்டோம், கழுதை அவற்றைக் கடித்துத் தின்றுவிடுமோ என்ற கவலையால்.

சூளையில் தளையோடும் சுமையோடும் வாழ்ந்த விலங்கு, தளையின்றி நடப்பதற்கே தயங்கியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முதல் நாட்களில் அது குறுகிய அடியாகவே எடுத்து வைத்தது, கேட்டு ஓரத்தை விட்டு நகரவே இல்லை. பழைய கழுதை மேயும் இடத்துக்குப் பின்னாலேயே போய்ப் போய்த்தான் அது நிலத்தின் கோடியைக் கண்டது. தனியே வைக்கப்பட்ட கழுதை துணையில்லாத ஏக்கத்தில் தீனியை விட்டுவிட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் மிகுந்து ஈரலைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதைக் கால்நடை மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். எவ்வளவு உயர்ந்த வேலியானாலும் துணையற்ற கழுதை அதைத் தாண்ட வழி தேடும், துணையுள்ளது பெரும்பாலும் தேடாது. வேலிக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

தீனியிலும் ஒரு சொல். 120 கிலோ எடையுள்ள கழுதைக்கு ஒரு நாளைக்கு உலர் தீனிக் கணக்கில் இரண்டு கிலோ அளவே போதும். வளமான பசும்புல்லில் முழு நாளும் விட்டால் கொழுத்துப்போய்க் குளம்பு வீக்க நோயில் விழும். இங்கே மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியரில் ஆக்சலேட் மிகுதி என்பதால், அதையே நம்பி வளர்த்தால் எலும்பிலுள்ள சுண்ணச்சத்து குறையும். கேழ்வரகுத் தாளும் சோளத்தட்டையும் கொஞ்சம் கடலைக்கொடியும் தான் எங்கள் வழக்கம். வேலி முடிந்ததும், அழகுக்காகச் சுற்றிலும் அரளி நட்டுத் தருகிறோம் என்று குழுவினர் சொன்னார்கள். அரளியின் ஒரு கைப்பிடி இலையே கழுதையைக் கொன்றுவிடும். வேலி ஓரத்தில் தானாக முளைத்திருந்த உண்ணிச்செடியையும் கிலுகிலுப்பையையும் பிடுங்கித் தரச் சொன்னதை மட்டும் செய்தார்கள்.

அவர்கள் செய்த வேலையில் உண்மையாகவே கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். வலையை நறுக்கிய இடங்களிலெல்லாம் விரல் நீளக் கம்பித் துண்டுகளைப் புல்லுக்குள்ளேயே விட்டுப் போயிருந்தார்கள். குளம்பின் அடியில் குத்தி ஏறும் ஒரு துண்டு போதும், இரணஜன்னிக்கு. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலியோரம் முழுவதும் இழுத்துப் பார்த்ததில் ஒரு டப்பா நிறையத் துண்டுகள் சேர்ந்தன. டப்பாவை மேஸ்திரியிடம் காட்டினேன், தலையைச் சொறிந்தார். கடைசித் தவணைப் பணத்தை, சுத்தம் செய்து ஒப்படைத்த பிறகே தருவேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது வேலி போடுகிற எவருக்கும் நல்லது.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மேற்குப் பக்கத்தில் மண் இறங்கி வலை தொய்ந்தது. போனில் சொன்னதும் வந்து, இழுவைக் கம்பியை முறுக்கிச் சரி செய்தார்கள். போக்குவரத்துச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மழையில் ஒதுங்கக் கொட்டகை தனியாக வேறொருவர் போட்டது, அதனால் அதை இங்கே பேசவில்லை. கழுதையின் மயிர் குதிரையினுடையதைப் போல நீரை வழித்துவிடாது, கொட்டகை இல்லாமல் வேலி மட்டும் போடுவதில் பயனில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

கழுதை மரப்பட்டையைக் கடித்து உரிக்கும் என்பதால், மேய்ச்சல் நிலத்துக்கும் பெங்களூரா மாந்தோப்புக்கும் இடையே உள்ள குறுக்கு வேலியையும் இதே குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். வலையின் சுருள்களை இறக்கும்போதே முனையைப் பார்த்து வாங்குவது என்றும், கேட்டின் கொக்கியைப் பரதராமிக் கொல்லரிடம் தனியாக அடித்துக் கொண்டுவந்து மாட்டுவது என்றும் பேசி முடித்துவிட்டோம். முன்பணம் இம்முறை பாதி மட்டுமே.